முதலில் பனியை அடி: ஸ்டெனோ சாராவின் 175 கி.மீ.

2012 ஜனவரி 28. கனடாவின் ஒட்டாவா நகரில், வட அமெரிக்காவின் பனி ஹாக்கி லீகான என்.எச்.எல்.லின் நட்சத்திர ஆட்டத்துக்கு முந்தைய நாள் நடக்கும் திறன் போட்டி. பனித்தரையில் அசையாமல் கிடக்கிறது பக், அதாவது இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக இருப்பது. 206 செ.மீ. உயரமுள்ள மனிதர் ஒருவர் சறுக்கிக்கொண்டே வந்து, மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கி இறக்குகிறார். ராடார் காட்டிய எண் மணிக்கு 108.8 மைல், அதாவது 175 கி.மீ. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், 2003 உலகக் கோப்பையில் ஷோயிப் அக்தர் வீசிய பந்தின் வேகம் 161.3 கி.மீ.

அடித்தவர் ஸ்லோவாக்கியாவின் ஸ்டெனோ சாரா. அப்போது அவருக்கு 34 வயது.

பக் என்பது தட்டையான ரப்பர் வில்லை. குறுக்களவு 7.62 செ.மீ., தடிமன் 2.54 செ.மீ., எடை அதிகபட்சம் 170 கிராம். ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைத்துவிடுவார்கள். சூடான ரப்பர் துள்ளும். குளிர்ந்தது சொன்ன பேச்சைக் கேட்டுத் தரையோடு வழுக்கிப் போகும்.

இதைச் சாரா அடித்த விதத்துக்கு ஸ்லாப் ஷாட் என்று பெயர். வேகம் குறைத்த காட்சியில் பார்த்தால் முதலில் நாம் ஏமாந்துபோவோம். மட்டை பக்கை அடிப்பதே இல்லை. அதற்கு ஒரு சாண் பின்னால், வெறும் பனியில் போய் மோதுகிறது. சறுக்கிப் பழகாத ஆள் செய்தால் குறி தப்பிவிட்டது என்றுதான் சிரிப்போம். ஆனால் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

மட்டையின் நுனி பனியில் தடுக்கி நிற்க, கைகளும் உடலின் எடையும் முன்னே போய்க்கொண்டிருக்கின்றன. நடுவில் இருக்கும் தண்டு வளைகிறது. வளைந்த தண்டு பக்கை வந்து தொடுகிறது, தள்ளுகிறது, கடைசிக் கணத்தில் நிமிர்கிறது. நாண் இழுத்த வில் போல என்று விளக்குவார்கள். அழகான உவமைதான். ஆனால் கணக்குப் போட்டால் கொஞ்சம் இடிக்கிறது.

ஒவ்வொரு மட்டையிலும் ஓர் எண் அச்சிட்டிருக்கும். தண்டை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பதே அந்த எண். 100 என்று போட்ட மட்டையை 5 செ.மீ. வளைத்தால் அதில் சேரும் ஆற்றல் சுமார் 22 ஜூல். 175 கி.மீ. வேகத்தில் பறக்கும் 170 கிராம் பக்கில் இருப்பதோ ஏறத்தாழ 200 ஜூல். சாராவின் மட்டை இன்னும் விறைப்பானது. அதற்கு இன்னும் கூடுதலாகக் கொடுத்தாலும் பாதிக்குக்கூட வராது. மீதியெல்லாம் கால், இடுப்பு, தோள் வழியாக மட்டைக்கு வந்த உடலின் வேகம்.

பிறகு வளைவு எதற்கு? நேரம் வாங்கித் தருவதற்கு. வளையாத இரும்புத் தடியால் அடித்தால் பக் சட்டென்று தெறித்து விலகிவிடும். வளைந்த மட்டை அதை விடாமல் ஒட்டிக்கொண்டு 30 முதல் 40 மில்லி நொடி வரை தள்ளுகிறது. உந்தம் என்பது விசையும் நேரமும் பெருகி வருவது. 35 மில்லி நொடி கிடைத்தால், அசையாத பக்கை 175 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோகச் சராசரியாக 236 நியூட்டன் போதும். 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையைவிடக் கொஞ்சம் குறைவு! இந்த எண் வந்தபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று இரண்டு முறை சரிபார்த்தேன். வளைவு நிமிரும்போது, கைகள் நகரும் வேகத்துக்கு மேல் மட்டையின் நுனிக்கு ஓர் உபரி வேகமும் கிடைக்கிறது.

சரி, இதை ஏன் எல்லோராலும் செய்ய முடிவதில்லை? உயரம் ஒரு காரணம். என்.எச்.எல். விதிப்படி மட்டைத் தண்டின் நீளம் 63 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஆறரை அடியும் அதற்கு மேலும் உள்ளவர்கள் கேட்டு வாங்கினால் 65 வரை அனுமதி உண்டு. சுழலும் தடியில் நுனி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வேகம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. தடியின் எடை எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அதைச் சுழற்றுவது கடினமாகும். நீளமான மட்டையை நோஞ்சானிடம் கொடுத்தால் அவர் மெதுவாகத்தான் வீசுவார். சாராவின் எடை 113 கிலோ. அப்பா ஸ்டெனெக், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவுக்காக இறங்கிய மல்யுத்த வீரர். மகனின் உடலை அவர்தான் செதுக்கினார்.

அந்த உயரம் ஆரம்பத்தில் சுமையாகத்தான் இருந்தது. ஈர்ப்பு மையம் மேலே இருப்பவர் மெல்லிய சறுக்குக் கத்திகளின் மேல் நிற்பதே பெரிய பாடு. முழங்காலை மடக்கித் தாழ்ந்து சறுக்கப் பழக வேண்டும். கூடைப்பந்துக்குப் போகச் சொன்னவர்களும் உண்டு. அணிகள் வரிசையாக இளம் வீரர்களைப் பொறுக்கியெடுக்கும் 1996 தேர்வில் நியூயார்க் ஐலாண்டர்ஸ் அணி அவரை எடுத்தது 56ஆவது ஆளாக. 2001இல் ஒட்டாவா செனட்டர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். 2006இல் ஒட்டாவாவும் அவரைத் தக்கவைக்கவில்லை. பாஸ்டன் புரூயின்ஸ் கூப்பிட்டு அணித்தலைவர் ஆக்கியது. 2009இல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பை, 2011இல் என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பை. 108.8 பதிவானது, அவரைப் போகவிட்ட அதே ஒட்டாவாவில்.

இவ்வளவு பேய் அடி அடிக்கிறவர் எத்தனை கோல் போட்டிருப்பார்? 1,680 ஆட்டங்களில் 209. எட்டு ஆட்டத்துக்கு ஒன்று. ஸ்லாப் ஷாட்டின் குறையும் இதுதான். ஓங்க நேரம் பிடிக்கும். அதற்குள் எதிரணி ஆள் குறுக்கே விழுந்துவிடுவார். எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக்கோட்டிலிருந்து கோல்கோடு 19.5 மீட்டர். 175 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க 0.4 நொடி. அசாத்தியமாகத் தெரிந்தாலும், தெளிவாகப் பார்க்க முடிந்த கோல்காப்பாளருக்கு அது போதும்.

ஆகவே அந்த ராடார் எண்ணை வைத்து சாராவை எடை போடுவது சரியில்லை என்பேன். அவருக்குச் சம்பளம் கொடுத்தது அதே நெம்புகோலின் இன்னொரு பயன்: எட்டும் தூரம். கை எட்டும் தூரம் 10 சதவீதம் கூடினால் காக்கும் பரப்பு 21 சதவீதம் கூடும். எதிரணி வீரர் தாண்டிவிட்டோம் என்று நினைத்த இடத்திலும் அந்த மட்டை நீட்டிக்கொண்டிருக்கும்.

பக்கின் ஆற்றலை வாங்கிக்கொண்டதும் உண்டு. 2019 ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் நான்காம் ஆட்டத்தில் பக் முகத்தில் பட்டுத் தாடை உடைந்தது. ஐந்தாம் ஆட்டத்தில் முகக் கவசத்தோடு இறங்கிவிட்டார்.

2022 செப்டம்பர் 20 அன்று, பாஸ்டனோடு ஒரு நாள் ஒப்பந்தம் போட்டு, 45 வயதில் ஓய்வு பெற்றார். தடுப்பாட்டக்காரர்களில் அவரளவு என்.எச்.எல். ஆட்டங்கள் ஆடியவர் வேறு யாருமில்லை. வேகத்தில் அவரை முந்தியவர் உண்டு: 2020இல் அடுத்த நிலை லீகான ஏ.எச்.எல். திறன் போட்டியில் மார்ட்டின் ஃபர்க் 109.2 மைல் அடித்தார்.

ஓய்வுக்குப் பின் சாரா நெடுந்தூர ஓட்டத்துக்குத் திரும்பினார். 2023 பாஸ்டன் மாரத்தானை 3 மணி 38 நிமிடத்தில் ஓடி முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 11.6 கி.மீ.