சருகெறும்பா, குப்பை எறும்பா?

வெப்பமண்டல மலைக்காடுகளின் தரையில் வாழும் சிற்றெறும்புகளைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகளில் 'இலைக்குப்பை எறும்பு' என்ற பெயர் தொடர்ந்து கண்ணில் படுகிறது. அண்மைக்காலமாக முன்னொட்டும் உதிர்ந்துபோய் வெறும் 'குப்பை எறும்பு' என்றே சிலர் எழுதத் தொடங்கிவிட்டார்கள். இது பிழையான ஆக்கம். பொருளாலும் பிழை, தமிழில் ஏற்கெனவே இருக்கும் ஒரு நல்ல சொல்லைப் புறந்தள்ளுவதாலும் பிழை.

இந்தப் பெயர் ஆங்கில 'லீஃப் லிட்டர்' (leaf litter) என்பதன் மொழிபெயர்ப்பு. அதிலுள்ள மூலச்சொல்லான 'லிட்டர்', படுக்கை எனப் பொருள்படும் 'லெக்டஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. படுக்கை என்பதிலிருந்து பல்லக்கு என்ற பொருளும், கால்நடைகளுக்குக் கீழே பரப்பும் வைக்கோல் என்ற பொருளும், ஓர் ஈற்றுக் குட்டிகள் என்ற பொருளும் கிளைத்தன. வீசியெறிந்த குப்பை என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது. காட்டுத்தரையில் உதிர்ந்து பரந்து கிடக்கும் இலைப்படலத்தைக் குறிக்கும் வழக்கு வைக்கோல் விரிப்பின் வழி வந்ததே தவிர, குப்பைத்தொட்டியின் வழி வந்ததன்று. பிரெஞ்சில் இன்றும் 'லித்தியேர்' என்ற ஒரே சொல் தொழுவத்து விரிப்பையும் காட்டுத்தரைப் படலத்தையும் குறிக்கிறது. அகராதியைத் திறந்து முதலில் தென்படும் பொருளை எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்த வரலாறு தெரிய வாய்ப்பில்லை.

'குப்பை' என்றால் பழந்தமிழில் குவியல் என்றுதானே பொருள், சங்கப் பாடல்களில் உப்புக் குவியலையும் குப்பை என்றார்களே, அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் என்ன என்று ஒரு வாதம் முன்வைக்கப்படுகிறது. கற்றவர்கள் வைக்கும் வாதம் என்பதால் இதற்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும். முதலாவதாக, அறிவியல் கட்டுரையைப் படிக்கும் இன்றைய வாசகருக்குக் குப்பை என்றால் கழிவுதான். அவர் மனத்தில் எழுவது உப்பளம் அன்று. 'காட்டுக் குப்பையை அகற்றினால் எறும்பினங்கள் அழியும்' என்று ஒருவர் எழுதினால், பிளாஸ்டிக் பைகளை அகற்றக்கூடாது என்கிறாரோ என்று வாசகர் திகைப்பார். இரண்டாவதாக, பழம்பொருளையே ஏற்றுக்கொண்டாலும் அது இங்கே பொருந்தாது. காட்டுத்தரையில் இருப்பது குவியல் அன்று, பரவல். மேலே அண்மையில் விழுந்த முழு இலைகள், அவற்றுக்குக் கீழே நைந்து துண்டான இலைகளும் சுள்ளிகளும், அதற்கும் கீழே மட்கு என அடுக்கடுக்காக விரிந்து கிடக்கும் ஒன்றைக் குவியல் என்பது பார்க்காமல் சொல்வதாகும்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிக முக்கியமானது. குப்பை என்பது பயனற்றது என்ற தீர்ப்பையும் சேர்த்தே சொல்லும் சொல். ஆனால் அந்த எறும்புகளுக்கு அதுதான் வீடு. பென்சில் தடிமனே உள்ள ஒரு காய்ந்த சுள்ளியைக் கவனமாகப் பிளந்தால், உள்ளே குடைந்த சிறு குழியில் மூன்று மில்லிமீட்டர்கூட நீளமில்லாத வேலைக்கார எறும்புகள் தம் குடியின் வெண்ணிற இளம்புழுக்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் காணலாம். ஒரு முழுக் குடியும் அந்தச் சுள்ளிக்குள்ளேயே அடங்கியிருக்கும். ஸ்ட்ருமிஜெனிஸ் பேரினத்தின் பல இனங்கள் தாடைகளை விரித்து வைத்தபடி காத்திருந்து, சருகிடுக்கில் துள்ளித் திரியும் ஸ்பிரிங்டெயில் என்னும் சிற்றுயிர்களைப் பொறி விழுவதுபோல் கவ்விப் பிடிக்கின்றன. மெக்சிகோவுக்குத் தெற்கே உள்ள ஈரமான மலைக்காடுகளில், மற்ற எறும்புகள் அருகிவிடும் குளிர்ந்த உயரங்களிலும், ஸ்டெனாம்மா பேரினத்தின் இனங்கள் இந்தப் படலத்தை நம்பி வாழ்கின்றன.

இதற்கு உரிய தமிழ்ச்சொல் சருகு. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று இலையின் ஒவ்வொரு பருவத்துக்கும் பெயர் வைத்த மொழியில், உதிர்ந்து உலர்ந்த இலைக்குப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. உயிரினப் பெயரில் அதைச் சேர்த்துச் சொல்வதற்கு முன்மாதிரியும் இருக்கிறது: சருகுமான். அந்தச் சிறு விலங்கைக் 'குப்பைமான்' என்று அழைக்க எவருக்கும் மனம் வராது. அப்படியிருக்க, எறும்புக்கு மட்டும் அந்த மதிப்புக் குறைவு ஏன்? சருகு + எறும்பு = சருகெறும்பு. ஓசையும் இயல்பாக அமைகிறது, பொருளும் கேட்டவுடன் விளங்குகிறது.

சருகு என்றால் இலை மட்டும்தானே, சுள்ளி, பட்டை, பூ, விதை ஆகியவையும் அங்கே கிடக்கின்றனவே என்பது நியாயமான மறுப்பு. அவற்றையும் உள்ளடக்கும் 'செத்தை' என்ற சொல் நம்மிடம் உண்டு, நுட்பமான சொல்தான். ஆனால் 'குப்பை செத்தை' என்ற இணைமொழியில் சிக்கி, அதுவும் கழிவின் சாயலை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே படலம் முழுவதையும் சுட்ட 'சருகுப்படுகை' என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். படு என்ற வினையடி மூலச்சொல்லின் படுக்கைப் பொருளோடு ஒத்துப்போகிறது; நிலக்கரிப் படுகை என்பதுபோல அடுக்காகப் பரந்து கிடப்பதையும் உணர்த்துகிறது. 'மட்கு' என்றோ 'மக்கிய இலை' என்றோ எழுதுவதும் தவறு. மட்கு என்பது சிதைந்து முடிந்த அடியடுக்கு. இலையின் உருவம் அதில் இராது. 'லீஃப் லிட்டர்' என்று அப்படியே ஒலிபெயர்ப்பதோ பாலையும் எண்ணெயையும் அளக்கும் லிட்டரோடு கொண்டுபோய்க் குழப்பிவிடும்.

இந்த எறும்புகள் வாழும் காட்டுக்குத் தரும் அடைமொழியிலும் இதே கவனக்குறைவைக் காண்கிறேன். 'மலைப்பாங்கான காடு' என்பது மேடுபள்ளமான நிலத்தைச் சொல்கிறது. இங்கே சுட்டப்படுவதோ குளிரும் ஈரமும் உயரத்துக்கேற்ப மாறி அமைந்த ஒரு தனிக் காட்டு வகை. அதற்கு 'மலைக்காடு' போதும். முகில் படிந்து நிற்கும் பகுதியை 'முகிற்காடு' எனலாம். 'சோலைக்காடு' என்ற அழகிய சொல்லைத் தென்னமெரிக்க மலைகளுக்கும் நீட்டுகிறவர்கள், அது மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளுக்கிடையே அமைந்த காடுகளின் பெயர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு வரையறையையும் சொல்லியாக வேண்டும். சருகெறும்பு என்பது ஓர் இனத்தின் பெயரன்று, வாழிடத்தால் ஒன்றுபட்ட பல இனங்களின் பொதுப்பெயர். ஒரு சதுர மீட்டர்ச் சருகை அள்ளிச் சலித்து, வலைப்பையிலிட்டுத் துணிக்கூட்டுக்குள் தொங்கவிட்டால், சருகு உலர உலர எறும்புகள் வெளியேறிக் கீழேயுள்ள சாராயக் குப்பியில் விழும். விங்க்ளர் முறை எனப்படும் இந்த முறையில் ஒரே மாதிரியில் பல பேரினங்கள் கலந்து கிடைப்பது வழக்கம். ஆகவே குறிப்பிட்ட ஓர் இனத்தைப் பற்றி எழுதும்போது, அதன் இருசொல் அறிவியல் பெயரைத் தமிழ் எழுத்தில் முழுமையாகத் தந்து, 'மலைக்காட்டுச் சருகெறும்புகளுள் ஒன்று' என்று அடுத்துச் சேர்ப்பதே முறை.