‘ஆவணம் இல்லை’ என்று பதில் வந்தால்

“அண்ணாச்சி, அப்படி ஒரு ரெக்கார்டே இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாவ.” அம்பாசமுத்திரம், நாங்குநேரி பக்கத்திலிருந்து தகவல் உரிமை மனுவுக்கு வந்த பதிலோடு என்னைத் தேடி வருகிறவர்கள் பலர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். மனு வீணாகிவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பார்கள். வக்கீலாக நான் முதலில் பார்ப்பது, ஏன் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறதா என்பதைத்தான். அந்த ஆவணம் உருவாகாமலே இருந்திருக்கலாம், காலம் முடிந்து அழித்திருக்கலாம், அல்லது காணாமல் போயிருக்கலாம்.

உருவாகவே இல்லை என்றால் பல நேரம் அது நமக்குச் சாதகம். குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை மறித்து ஒருவர் சுவர் எழுப்பியிருந்தார். அதற்கு அனுமதி கொடுத்த உத்தரவின் நகலைக் கேட்டார் ஒரு விவசாயி. அப்படி உத்தரவு எதுவும் வழங்கப்படவில்லை என்று பொதுத் தகவல் அலுவலர் கையெழுத்துப் போட்டுப் பதில் தந்தார். நகல் கிடைக்கவில்லையே என்று விவசாயிக்கு வருத்தம். ஆக்கிரமிப்பு வழக்கில் அந்தப் பதிலே நல்ல சான்று!

அதே மனுவில் “சுவரை ஏன் இன்னும் இடிக்கவில்லை?” என்றும் கேட்டிருந்தார். அதற்குப் பதில் வராது. அலுவலகத்தில் இல்லாத தகவலைப் புதிதாகத் தயாரித்துத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. காரணம் கேட்பதை விட்டுவிட்டு, இருந்தே தீர வேண்டிய தாள்களைக் கேளுங்கள்: உங்கள் புகார் மனு மீதான கோப்பின் குறிப்புப் பக்கங்கள், அது பதிவான தன்பதிவேட்டுப் (எழுத்தர் தம்மிடம் வரும் மனுக்களைப் பதியும் பதிவேடு) பக்கம், அந்த சர்வே எண்ணுக்குரிய அ-பதிவேடு (நிலத்தின் வகை, பரப்பு போன்ற விவரங்கள் உள்ள கிராமக் கணக்கு), புலப்படம் (நில அளவை வரைபடம்).

அழித்துவிட்டோம் என்றால், அழிக்க உத்தரவிட்ட கடிதத்தையும் அழித்ததைப் பதிந்த பதிவேட்டுப் பக்கத்தையும் கேட்கலாம். காணவில்லை என்ற பதிலைத்தான் விடவே கூடாது. அ-பதிவேடு மாதிரி நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியவற்றுக்கு அது பதிலே ஆகாது. முழுமையாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் யார் பொறுப்பு என்று விசாரிக்க வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மேல்முறையீட்டில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, தேடிய விவரத்தை எழுத்தில் கேளுங்கள்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. உங்கள் ஊர்க் கோப்பு அங்கே போயிருக்கலாம். அப்படியானால் இல்லை என்று மனுவை முடிக்கக் கூடாது. தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

முதல் மேல்முறையீடு செய்ய, மனுவுக்குப் பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். அந்த மேல்முறையீட்டின் முடிவு வந்த, அல்லது வந்திருக்க வேண்டிய, நாளிலிருந்து தகவல் ஆணையத்துக்குப் போக 90 நாள். பதில் வந்த தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தேதிக்கு அதுதான் சாட்சி.