கமரா ஓப்பரேஷன் புற்றுநோயைப் பரப்புமா?

"கத்தி பட்டால் கேன்சர் பரவிவிடும்" என்று படுவான்கரையிலிருந்து மட்டக்களப்புக்குக் கிளினிக் வருபவர்களில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். இந்தப் பயத்தால் ஓப்பரேஷனைத் தள்ளிப்போட்டு, கட்டி முற்றிய பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு தாங்குவதில்லை. கல்முனைப் பக்கம் வேறு கேள்வி வரும்: "டொக்டர், வயிற்றை வெட்டாம கமரா விட்டுச் செய்ய ஏலாதா?" நியாயமான கேள்விதான். வயிற்றில் சிறு துளைகள் போட்டு, அதன் வழியே கமராவும் கருவிகளும் விட்டுச் செய்வதால் வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனால் புற்றுநோய் என்றால், எந்த உறுப்பு என்று பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

பெருங்குடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில், துளை போட்ட இடத்திலேயே புற்றுநோய் முளைத்ததாகச் செய்திகள் வர, சத்திரசிகிச்சை நிபுணர்களே தயங்கினார்கள். 872 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வொன்று 2004இல் வெளிவந்து அந்தத் தயக்கத்தைப் போக்கியது. வயிற்றைத் திறந்து செய்தாலும் கமரா விட்டுச் செய்தாலும் நோய் திரும்பி வந்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான். காயத்தில் முளைத்தது இரண்டிலும் 1 வீதத்துக்கும் குறைவு.

கருப்பைக் கழுத்தில் கதை மாறியது. ஆரம்பநிலைப் புற்றுநோய்க்காகக் கருப்பையும் அதைச் சுற்றியுள்ள திசுக்களும் அகற்றப்பட்ட பெண்களை ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வந்தது. நாலரை வருடம் நோயில்லாமல் இருந்தவர்கள், வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 96.5 வீதம், துளைவழி செய்தவர்களில் 86 வீதம். கருப்பையை உள்ளிருந்து அசைக்கப் பயன்படுத்தும் கருவி, வயிற்றை உப்பவைக்கும் கரியமில வாயு, கட்டி வயிற்றறைக்குள் திறந்துபடுவது என்று பல காரணங்களைச் சந்தேகிக்கிறார்கள். எது என்று இன்னும் தீர்மானமாகவில்லை. ஆகவே இந்த ஓப்பரேஷனுக்கு உங்கள் வைத்தியர் "திறந்துதான் செய்ய வேணும்" என்றால், அவருக்குப் புது முறை தெரியாது என்று நினைக்க வேண்டாம். உங்கள் உயிரை நினைத்துத்தான் சொல்கிறார்.

எனக்கு அதிகம் கவலை தருவது புற்றுநோய் என்று யாருமே நினைக்காத கட்டிகள்தான். கருப்பை நார்க்கட்டி பெரிதாக இருந்தால், சிறு துளையால் வெளியே எடுக்க அதை உள்ளேயே துண்டாக்க வேண்டிவரும். நார்க்கட்டி என்று நம்பியது மறைந்திருந்த சார்கோமா என்ற புற்றுநோயாக இருந்துவிட்டால், அந்தத் துண்டுகள் வயிறு முழுக்கச் சிதறிவிடும். நார்க்கட்டிக்காக ஓப்பரேஷன் செய்யும் பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு இப்படி மறைந்திருக்கலாம் என்று 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. சூலகக் கட்டியும் அப்படித்தான்: புற்றுநோய் இருந்து, எடுக்கும்போது உள்ளே உடைந்தால், நோயின் நிலையே ஒரு படி கூடுகிறது.

ஆகவே ஓப்பரேஷனுக்கு முதல், "புற்றுநோய்ச் சந்தேகம் இருக்கா? கட்டியை எப்படி வெளியே எடுப்பீங்க, பைக்குள்ள போட்டா?" என்று தயங்காமல் கேளுங்கள். இப்படிக் கேட்டால் எந்த நல்ல வைத்தியரும் கோபிக்கமாட்டார்.

அப்புறம் பயொப்சி ரிப்போட், அதாவது வெட்டி எடுத்ததைப் பரிசோதித்துத் தரும் அறிக்கை. கல்லுக்காக அகற்றிய பித்தப்பையில் புற்றுநோய் இருப்பது சிலவேளை இந்த ரிப்போட்டில்தான் முதன்முதலாகத் தெரியவரும். அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பார்த்து, இரண்டாவது ஓப்பரேஷன் தேவையா என்று முடிவெடுக்க வேண்டும். காயம் ஆறிவிட்டது, வயலில் வேலை தொடங்கிவிட்டது என்று சிலர் ரிப்போட்டை எடுக்காமலே விட்டுவிடுகிறார்கள். தனியார் வைத்தியசாலையில் செய்திருந்தாலும் கேட்டு வாங்கி, அடுத்த கிளினிக்குக் கொண்டுவாருங்கள்.