தினமும் பால் குடித்தும் எலும்பு ஏன் உடைகிறது?

"ஒருநாள்கூட பால் குடிக்காம இருந்ததில்ல டாக்டர், எனக்கு எப்படி எலும்பு தேஞ்சுது?" எலும்பு சிகிச்சைப் பிரிவில் அன்றாடம் ஒலிக்கும் கேள்வி இது. பதிலுக்குப் போகுமுன் 'எலும்பு தேய்மானம்' என்ற சொல்லையே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு வேறு நோய்களை நாம் அந்த ஒரே பெயரால் அழைக்கிறோம்.

மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, படி ஏறும்போதும் தரையிலிருந்து எழும்போதும் முட்டி வலிப்பது ஒன்று. அது மூட்டுத் தேய்மானம். அதற்குப் பாலோ கால்சியம் மாத்திரையோ மருந்தல்ல. எலும்பின் அடர்த்தி குறைந்து உள்ளே சல்லடைபோல் ஆவது இன்னொன்று. அதுதான் எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ். எலும்பு முறியும்வரை இதில் பெரும்பாலும் வலியே இருக்காது. பால் பற்றிய கேள்வி இந்த இரண்டாவது நோய்க்குத்தான் பொருந்தும்.

பாலில் கால்சியம் உண்டு என்பதில் சந்தேகமில்லை. 100 மி.லி. பாலில் சுமார் 120 மி.கி. அதில் ஏறத்தாழ 30 சதவீதத்தைக் குடல் எடுத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மி.கி., மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மி.கி. தேவை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. இப்போது 'தினமும் பால்' என்பதை அளந்து பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது காலையும் மாலையும் காபி அல்லது டீ. இரண்டிலும் சேர்த்து 150 மி.லி. பால் போனால் அதிகம். அதாவது 180 மி.கி. கால்சியம். அரிசிச் சோற்றில் கால்சியம் மிகக் குறைவு என்பதால் மூன்று வேளைச் சாப்பாடு இந்தப் பள்ளத்தைத் தானாக நிரப்பிவிடாது.

நிரப்ப வழி இருக்கிறது. ஒரு தம்ளர் பால் (200 மி.லி.) 240 மி.கி., ஒரு கிண்ணம் கெட்டித் தயிர் (150 கிராம்) 180, கேழ்வரகு மாவு 50 கிராம் ஏறத்தாழ 180, முருங்கைக்கீரை 50 கிராம் 150, தோல் நீக்காத எள்ளில் அரைத்த பொடி 10 கிராம் 120. பருப்பு, காய்கறியோடு சேர்த்தால் 1000-ஐ நெருங்கிவிடலாம். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுபவர்களுக்கு இன்னும் எளிது. கேழ்வரகை முளைகட்டியோ, கூழாகப் புளிக்கவைத்தோ சாப்பிட்டால், கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பைட்டேட் குறையும். பாலக்கீரையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் காரணமாக 5 சதவீதம் அளவுதான் உடலில் சேரும்.

'கொழுப்பெடுத்த பாலில் சத்து போய்விடும்' என்ற பயம் கால்சியத்தைப் பொறுத்தவரை தேவையில்லை. கால்சியம் இருப்பது ஆடையில் அல்ல, மற்ற திடப்பொருளில். நீலப் பாக்கெட்டுக்கும் ஆரஞ்சுப் பாக்கெட்டுக்கும் இதில் பெரிய வேறுபாடு கிடையாது. காய்ச்சுவதாலும் போய்விடாது. தண்ணீர் கலந்தால்தான் குறையும். பால் குடித்தால் வயிறு உப்பி, பேதியாகிறவர்களுக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

அடுத்த தடை வைட்டமின் டி. அது இல்லாவிட்டால் குடித்த பாலின் கால்சியம் சரியாக உறிஞ்சப்படாது. டி சத்து சேர்க்கப்பட்ட பாலிலும் லிட்டருக்கு 200 முதல் 300 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) மட்டுமே, ஒரு தம்ளரில் 40 முதல் 60. அன்றாடத் தேவையோ 600. மீதிக்கு வெயில்தான். அதுவும் நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறைவாக விழும் நேரத்து வெயில், கையிலும் காலிலும் நேரடியாகப் பட வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பயனில்லை.

ரத்தத்தில் கால்சியம் நார்மல் என்ற ரிப்போர்ட்டை நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பாராதைராய்டு ஹார்மோன் எலும்பிலிருந்து கரைத்து எடுத்து அளவைச் சரிசெய்துவிடும். ஆகவே எலும்பு காலியாகிக்கொண்டிருக்கும்போதும் ரத்தப் பரிசோதனை நார்மலாகவே வரும். அடர்த்தியை அறிய டெக்ஸா ஸ்கேன் வேண்டும். நம் எலும்பின் அடர்த்தியை இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டு அது தரும் எண்தான் டி-ஸ்கோர் (T-score). அது மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை. முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்க்கும் கருவி அதற்கு ஈடாகாது.

பால் உண்மையில் எலும்பு முறிவைத் தடுக்கிறதா? 2014-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வில், நாளுக்கு மூன்று தம்ளரோ அதற்கு மேலோ குடித்த பெண்களுக்கு முறிவு குறையவில்லை. சற்று அதிகமாகவே இருந்தது. ஆனால் அது பழக்கத்தைக் கவனித்து எழுதிய ஆய்வு. எலும்பு பலவீனம் என்று தெரிந்தவர்களே கூடுதலாகப் பால் குடித்திருக்கலாம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 60 முதியோர் இல்லங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு வேறு வகை. பாதி இல்லங்களில் பால், தயிர், சீஸ் கூட்டிக் கொடுத்தார்கள். அங்கே முறிவுகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு முன்பு கால்சியமும் புரதமும் பற்றாக்குறை, வைட்டமின் டி போதுமான அளவு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். குறை உள்ளவருக்குப் பால் உதவுகிறது. போதுமான அளவு கிடைப்பவர் இன்னும் இரண்டு தம்ளர் குடிப்பதால் எலும்பு இரட்டிப்பாகாது. எலும்பின் சட்டகமே புரதம்தான். இட்லியும் ரசம் சாதமுமாக நாளை ஓட்டும் வயதானவர்களுக்குப் பாலின் புரதமும் கால்சியத்துக்குச் சமமான முக்கியம்.

மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாகக் கரையும். அதைப் பால் மட்டும் நிறுத்தாது. படி ஏறுதல், வேக நடை, நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துப் பத்து முறை உட்கார்ந்து எழுதல் போன்ற சுமை எலும்புக்கு வேண்டும்.

மாத்திரையில் நடக்கும் தவறுகள்தான் அதிகம் கவலை தருகின்றன. கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மிகாமல் எடுக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது, தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி தேவை. வாரத்துக்கு ஒன்று என்று எட்டு வாரத்துக்கு எழுதித் தந்த 60,000 ஐ.யூ. டி பாக்கெட்டை, பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. கால்சியம் எகிறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

ஐம்பது வயதுக்கு மேல், நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே கையோ இடுப்போ முறிந்தால், 'வழுக்கிவிட்டது' என்று மாவுக்கட்டோடு முடித்துவிடாதீர்கள். கட்டுப் பிரிக்கும் நாளில் டெக்ஸா ஸ்கேன் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். அடுத்த முறிவைத் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன.