கல்லூரியில் மாறிய விதி, பள்ளித் திடலில் மாறாத பழக்கம்

வட கரோலினாவில் நவம்பர் பிறந்துவிட்டால் பேச்செல்லாம் கல்லூரிக் கூடைப்பந்துதான். டியூக், வட கரோலினா பல்கலைக்கழகம், என்.சி. ஸ்டேட் ஆகிய மூன்று பெரிய அணிகள் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கும்போது வேறு எப்படி இருக்கும்? கேரி, மோரிஸ்வில் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் பள்ளி அணியிலோ கிளப் அணியிலோ சேர்ந்து ஆடுகிறார்கள். விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் பிசியோதெரபிஸ்டான எனக்கு அந்த மாதங்களில் வேலை கூடுகிறது. வரும் காயங்களில் ஒரு வகை மட்டும் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. அது தற்செயலாக நேர்வதில்லை. பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளைகள் ஒழுங்காகச் செய்வதால் நேர்கிறது.

பந்துடன் ஒருவன் கூடையை நோக்கிப் பாய்கிறான். தடுப்பவன் குறுக்கே ஓடிவந்து நின்று, மோதலை மார்பில் வாங்கி மல்லாந்து விழுகிறான். தடுப்பவன் உரிய நேரத்தில் வந்து நின்றிருந்தால் ஃபவுல் பாய்ந்தவன் மேல்; பந்தும் கைமாறும். இதுதான் 'சார்ஜ்'. தாமதமாக வந்திருந்தால் அதே மோதல் 'பிளாக்' ஆகி, ஃபவுல் தடுத்தவன் மேல் விழும். உரிய நேரம் எது என்பதில்தான் பல ஆண்டுகளாகச் சண்டை.

ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் 2023-24 பருவத்தில் இதற்கு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஒரு தெளிவான எல்லை வகுத்தது. அதற்கு முன்பு, பாய்பவனின் கால் தரையை விட்டு எழும் முன் வந்து நின்றால் தடுப்பவனுக்குப் போதும். இப்போது, எழும்புவதற்காக அவன் காலை ஊன்றும்போதே தடுப்பவன் தன் இடத்தில் நின்றிருக்க வேண்டும். கால் ஊன்றிய பிறகு உள்ளே நுழைந்து மோதினால் அது பிளாக்.

பார்வையாளருக்கு இது இமைப்பொழுது வித்தியாசம். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது மிகப் பெரியது. எழும்பும் காலை ஊன்றிவிட்டால் உடல் அந்தத் திசைக்குக் கட்டுப்பட்டுவிடுகிறது. அந்த வேகத்தில் திடீரென ஒருவன் முன்னால் முளைத்தால் இரண்டே வழிகள். விலக முயன்றால், ஊன்றிய பாதம் தரையில் இருக்க, முழங்கால் உள்பக்கமாகத் திருகும். ஏசிஎல் என்று நாம் சொல்லும் தசைநார் கிழிவதற்கு அந்த நிலை போதும். விலகாமல் எழும்பினால், காற்றில் இருக்கும்போது இடுப்புக்குக் கீழே இடிபட்டு, முதுகோ தலையோ முதலில் தரையில் படும்படி விழ நேரும். பழைய விதி இந்தத் தாமத நுழைவுக்குப் பரிசு கொடுத்துவந்தது. அந்தப் பரிசைப் பறித்ததை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

தடுப்பவனுக்கும் ஆபத்து குறைவல்ல. பின்னால் பார்க்காமல் மல்லாந்து விழுகிறவனின் பின்மண்டை மரத்தளத்தில் மோதும். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு. வால் எலும்பில் அடிபட்ட பிள்ளைகள் வகுப்பில் உட்கார முடியாமல் பல வாரங்கள் தவிப்பதையும் பார்க்கிறேன்.

கூடையின் கீழே வரைந்திருக்கும் அரைவட்டமும் இதே கவலையில் பிறந்ததுதான். உதவிக்கு ஓடிவரும் இரண்டாவது தடுப்பாளர் அந்த வளைவுக்குள் நின்று சார்ஜ் வாங்க முடியாது. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ. இதை 1997-இலேயே கொண்டுவந்தது. சர்வதேச விதிகளில் 2010 முதல் இருப்பதால், அதன் பிறகு சென்னையிலோ கோவையிலோ ஆடியவர்களுக்கு இது பழகிய கோடு. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்துக்கு 2011-12இல்தான் வந்தது, அதுவும் மூன்றடி அளவில். 2015-16இல் அது நான்கடியானது. அதே ஆண்டு ஷாட் கடிகாரம், அதாவது பந்து கையில் உள்ள அணி கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டிய நேரம், 35 விநாடியிலிருந்து 30 விநாடிக்குக் குறைந்தது. ஊரெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. வளைவு ஓர் அடி பெரிதானதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஆட்டம் விறுவிறுப்பாக வேண்டும் என்ற ஆசையில் எனக்குக் குறையில்லை. ஷாட் கடிகாரம் இல்லாத காலத்தில், இதே வட கரோலினா பல்கலைக்கழகம் 1982இல் தன் வட்டாரக் கல்லூரி லீகான ஏ.சி.சி.யின் இறுதியாட்டத்தில் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு வர்ஜீனியாவை 47-45 என்று வென்ற கதையை இங்கே இன்னும் சொல்கிறார்கள். ஷாட் கடிகாரம் வேண்டும் என்ற குரலை அது வலுவாக்கியது. ஆனாலும் என் கண் அந்த வளைவின் மேல்தான்.

கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் 2022-23 முதல், அடிபட்டதுபோல் நடித்து விழுந்தால் எச்சரிக்கை இல்லாமலே டெக்னிக்கல் ஃபவுல், அதாவது நடத்தை மீறலுக்கான ஃபவுல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு. 2025-26இல் நடுவரின் முடிவை எதிர்த்து முறையிடும் உரிமை பயிற்சியாளர்களுக்கு வந்தது. இரண்டாவது தடுப்பாளர் வளைவுக்குள் நின்றாரா என்பதையும் வீடியோவில் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். எல்லாம் ஒரே திசையில்தான் போகின்றன.

பள்ளி ஆட்டம் அந்தத் திசையில் போதுமான அளவு நகரவில்லை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் தேசிய விதிப்புத்தகத்தில் அந்த அரைவட்டமே கிடையாது. சில பள்ளித் திடல்களில் கோடு இருக்கும். பள்ளி ஆட்டத்தில் அதற்குப் பொருள் இல்லை. நடித்து விழுவதற்கு 2024-25 முதல் முதலில் எச்சரிக்கை, பிறகு டெக்னிக்கல் ஃபவுல் என்ற அளவுக்கு வந்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் கூடையின் நேர் கீழே போய் நின்று மோதல் வாங்குவது பதினாலு வயதுப் பிள்ளைக்கு இன்றும் சட்டப்படி சரி. நன்கு வளர்ந்த உடலும், பக்கத்திலேயே மருத்துவக் குழுவும் உள்ள கல்லூரி வீரனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, எலும்பு இன்னும் முற்றாத பிள்ளைக்குக் கிடையாது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. சார்ஜ் வாங்கிய பிள்ளையைப் பெஞ்சே எழுந்து நின்று கொண்டாடும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. எந்தப் பிள்ளை மறுப்பான்?

ஆகவே பெற்றோர் பயிற்சியாளரிடம் பணிவாக, ஆனால் நேராகக் கேளுங்கள். சார்ஜ் வாங்கச் சொல்லித்தருகிறீர்களா? அப்படியானால் மோவாயை மார்போடு சேர்த்து, உட்காரும் பாவனையில் பின்னால் சரிந்து விழவும் சொல்லித்தருகிறீர்களா? கால் ஊன்றிய பிறகு நுழையாதே என்று பயிற்சியிலேயே நிறுத்துகிறீர்களா? கல்லூரி விதியைப் பள்ளிப் பயிற்சியில் கடைப்பிடிக்க எந்தத் தடையும் இல்லை. செங்குத்தாக எழும்பி, கைகளை நேரே உயர்த்தித் தடுப்பது விதிக்குள் அடங்கிய தடுப்புதான். உடலுக்கும் அது நல்லது.

விழுந்த பிறகு கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். தலையில் அடிபட்டவன் மயங்கி விழாவிட்டாலும் மூளை அதிர்ச்சி இருக்கலாம். தலைவலி, குழப்பம், வெளிச்சம் கூசுதல், வழக்கத்துக்கு மாறான எரிச்சல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்று ஆட்டம் முடிந்தது. வாந்தி மீண்டும் மீண்டும் வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, எழுப்பக் கடினமாக இருந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்லுங்கள். வட கரோலினாவின் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுப் பள்ளி மாணவன் எழுத்துமூல மருத்துவ அனுமதி இல்லாமல் திடலுக்குத் திரும்ப முடியாது. வார இறுதிக் கிளப் போட்டிகளில் அந்தக் கட்டுப்பாட்டை நீங்களே விதித்துக்கொள்ள வேண்டும். திரும்புவதும் படிப்படியாகத்தான், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம்.

கையை ஊன்றி விழுந்தவனுக்குக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய பள்ளத்தில் அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. முறிவைக் கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய்விடும். முதல் எக்ஸ்ரேயில் அந்த முறிவு தெரியாமல் போவதும் உண்டு. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாலும், வலி தொடர்ந்தால் கையை அசைக்காமல் கட்டிவைத்து, பத்துப் பதினான்கு நாட்களில் மறுபடி படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.