ஈரோட்டு ஆரி ப்ளவுஸ் யார் கண்ணில் படுகிறது?

ஈரோட்டில் வீட்டு முன்னறையில் ஆரி வொர்க் ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கும் ஒருவர் இன்ஸ்டாகிராமில் கடைக்கென்று ஒரு பக்கம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ரீலும் போட்டாயிற்று. அதை யார் பார்ப்பார்கள்? பின்தொடர்பவர்கள் எல்லாரும் என்று நினைப்போம். ஆனால், யார் எப்போது பதிவு போட்டார்களோ அதே வரிசையில் காட்டும் பழைய முறையை இன்ஸ்டாகிராம் 2016-லேயே விட்டுவிட்டது. இப்போது அங்கே நடப்பது கணிப்பு.

ஒருவர் செயலியைத் திறந்ததும், அவருக்குக் காட்டக்கூடிய பதிவுகள் பலவற்றை அது முதலில் திரட்டுகிறது. பிறகு ஒவ்வொன்றுக்கும் சில கேள்விகளைப் போட்டுப் பார்க்கிறது. இவர் இதைக் கடைசிவரை பார்ப்பாரா? லைக் போடுவாரா? யாருக்காவது அனுப்புவாரா? ஒவ்வொரு கேள்விக்கும் பதில் ஒரு நிகழ்தகவு. அவருடைய பழைய பழக்கத்தையும், அந்தப் பதிவுக்கு இதுவரை மற்றவர்கள் காட்டிய வரவேற்பையும் வைத்து அது கணிக்கப்படுகிறது. எல்லாவற்றையும் எடைபோட்டுக் கூட்டினால் ஒரு மதிப்பெண் வரும். மதிப்பெண் கூடியது மேலே வரும். ஒரே ரீலுக்குக் கல்யாணம் நிச்சயமான பெண்ணின் போனில் ஒரு மதிப்பெண், கிரிக்கெட் மட்டும் பார்க்கும் அவர் தம்பியின் போனில் வேறு மதிப்பெண்.

எந்தக் குறிப்புகளுக்கு எடை அதிகம் என்பதை இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னார்: எவ்வளவு நேரம் பார்த்தார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினார்கள். உங்களை இதுவரை தெரியாதவர்களிடம் பதிவு போய்ச் சேர, கடைசியாகச் சொன்னதுதான் பெரிதும் உதவுகிறது. பின்னிரண்டும் வெறும் எண்ணிக்கை இல்லை, விகிதம் என்பதைக் கவனியுங்கள். 200 பேர் பார்த்து 20 பேர் அனுப்பினால் விகிதம் 10 சதவீதம். 20,000 பேர் பார்த்து 200 பேர் அனுப்பினால் 1 சதவீதம்தான். சின்னக் கடைக்கு இது உண்மையிலேயே நல்ல செய்தி.

காசு கொடுத்து ஃபாலோயர்களை வாங்குவது ஏன் வீண் என்பதும் இதிலேயே இருக்கிறது. எங்கோ இருக்கும் போலிக் கணக்குகள் ப்ளவுஸைப் பார்த்து நிற்கப்போவதில்லை, தோழிக்கு அனுப்பப்போவதும் இல்லை. பக்கத்தின் மேலே எண் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். ஏற்கனவே உங்களிடம் தைத்துக்கொண்ட முப்பது பேர் பின்தொடர்ந்தால் அது எவ்வளவோ மேல்.

சரி, எதைக் காட்டுவது? தொடங்கும்போது பலரும் பண்டிகை வாழ்த்துப் படத்தையோ, கடைப் பெயர் போட்ட விளம்பர அட்டையையோ போடுகிறார்கள். அதை யாரும் நின்று பார்ப்பதில்லை. கட்டையில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணியில் கொக்கி முனை ஊசி மேலிருந்து இறங்கி, அடியில் விரல் பிடித்திருக்கும் ஜரிகை நூலைக் கவ்வி மேலே இழுத்து, சங்கிலித் தையலாக ஒரு மாங்காய் வடிவம் முடிகிற வரை கிட்டத்தில் காட்டுங்கள். பாதியில் நிற்கும் வேலை முடிவதைப் பார்க்க மனசு காத்திருக்கும். பார்க்கும் நேரம் கூடுவது அப்படித்தான். கூடவே "இந்த ப்ளவுஸ் கைக்கு எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும், ஈரோட்டில் எந்த ஏரியா" என்று எழுதிவிடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். விலை தெரிந்தால்தான் ஒரு பெண் அதை அம்மாவுக்கு அனுப்பி, "இது ஓகேவா?" என்று கேட்பாள்.

கூகுள் மேப்ஸ் கணிக்கும் முறை வேறு. "பக்கத்தில் ஆரி வொர்க்" என்று தேடுபவருக்கு யாரைக் காட்டுவது என்பதற்கு மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. பொருத்தம் நம் கையில் இருக்கிறது. "தையல் கடை" என்று மட்டும் பதியாமல், ஆரி, பிரைடல் ப்ளவுஸ் என்று செய்யும் வேலைகளையும் குறிப்பிட வேண்டும். மூன்றாவதற்கு ரிவ்யூக்கள் உதவும். ப்ளவுஸ் வாங்கிப் போகும் அன்றே வாட்ஸப்பில் லிங்க் அனுப்பிக் கேளுங்கள். தள்ளுபடி தருகிறேன் என்று கேட்காதீர்கள், அது கூகுள் விதிக்கு எதிரானது. பதிவு செய்யக் காசு கிடையாது என்பதால், இன்ஸ்டாகிராமுக்கும் முன்னால் இதை முடித்துவிடுவேன்.

அப்புறம் விளம்பரம். "பெரிய ஜவுளிக்கடையோடு நாம் போட்டி போட முடியுமா?" என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தில் ஒவ்வொரு விளம்பர இடத்துக்கும் ஏலம் நடக்கிறது. ஆனால் அதிகம் கேட்டவருக்கே இடம் என்று இல்லை. கேட்ட தொகையை, விளம்பரத்தைப் பார்ப்பவர் நாம் விரும்புகிறதைச் செய்யும் நிகழ்தகவால் பெருக்கி, விளம்பரத்தின் தரத்துக்கு ஒரு மதிப்பையும் கூட்டுகிறார்கள். தரம் சமம் என்று வைத்து ஒரு எளிய கணக்குப் போடுவோம். நீங்கள் ஒரு வாட்ஸப் விசாரிப்புக்கு 100 ரூபாய்வரை தரத் தயார், விளம்பரத்தைப் பார்க்கும் பெண் விசாரிக்கும் வாய்ப்பு 1 சதவீதம் என்றால் உங்கள் மதிப்பு 1 ரூபாய். பெரிய கடை 250 ரூபாய் தரத் தயார், ஆனால் வாய்ப்பு 0.3 சதவீதம்தான் என்றால் அதன் மதிப்பு 75 காசு. இடம் உங்களுக்கு. 100 ரூபாய் முழுவதையும் தர வேண்டியதும் இல்லை. எதிராளியை மிஞ்சத் தேவையான அளவு, அதாவது விசாரிப்புக்குச் சுமார் 75 ரூபாய் என்ற கணக்கில்தான் செலவாகும். இந்த ஏல முறைக்கு அடிப்படை போட்டவர் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி. 1961-ல் எழுதினார், 1996-ல் நோபல் பெற்றார்.

அந்த நிகழ்தகவு சரியாக அமைய இயந்திரத்துக்குத் தரவு வேண்டும். ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்தில் சுமார் 50 விசாரிப்புகள் வந்தால்தான் கற்றல் கட்டம், அதாவது யாருக்குக் காட்டலாம் என்று இயந்திரம் பழகும் காலம், முடியும் என்கிறது மெட்டா. தினம் போடும் சின்னத் தொகையை நான்கு தொகுப்பாகப் பிரித்தால் எதுவுமே கற்றுக்கொள்ளாது. இரண்டு நாளைக்கொருமுறை பெரிதாக மாற்றினாலும் கற்றல் முதலிலிருந்து தொடங்கும். ஒரே தொகுப்பு, கடையைச் சுற்றிப் பவானி, பெருந்துறைவரை ஒரு வட்டம், கையைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம். ஆடியில் ஒத்திகை பார்த்துவிட்டு ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் காசைக் கூட்டலாம்.

வந்தவர்களை வாட்ஸப் பிசினஸில் தக்கவைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே செய்தியைப் பலருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் போகும். அதனால் அளவெடுக்கும்போதே "நம்பரை சேவ் பண்ணிக்கோங்கக்கா" என்று சொல்லிவிட வேண்டும். அதே நேரத்தில் "எங்க பார்த்துட்டு வந்தீங்க?" என்று கேட்டு, அளவு நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் இன்ஸ்டா, மேப், விளம்பரம், தெரிந்தவர் சொன்னது என்று எழுதி வையுங்கள். லைக் போட்டவர்களை ஆப் எண்ணிக்கொள்ளும், ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தவர்களை இந்த நோட்டுதான் எண்ணும். அடுத்த மாதம் எதற்குச் செலவு செய்வது என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.