பரப்புரைப் படம் வேறு, பேரெழுத்துச் சுவரொட்டி வேறு

சீனப் பண்பாட்டுப் புரட்சிக் காலத்து (1966–76) மாவோ படங்களை 'பிரச்சார போஸ்டர்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். சீன மொழியில் அதற்குப் பெயர் ஷுவான்சுவான்ஹுவா. ஷுவான் என்றால் அறிவிப்பது, சுவான் என்றால் கைமாற்றிக் கொண்டுபோவது, ஹுவா என்றால் படம். இதில் பொய், ஏமாற்று என்ற வாடையே கிடையாது. ஆங்கிலத்தின் புரொபகண்டாவும் அப்படித்தான் தொடங்கியது: 1622இல் போப் 15ஆம் கிரகோரி சமயம் பரப்ப அமைத்த சபையின் லத்தீன் பெயரிலிருந்து வந்த சொல் அது, அதன் வேர்வினைக்குப் பதியம் போட்டுப் பெருக்குவது என்று பொருள். முதல் உலகப் போருக்குப் பிறகுதான் அந்தச் சொல் நன்றாகக் கெட்டுப்போனது.

பிரச்சாரம் வடசொல், நமக்குப் பரப்புரை இருக்கிறது. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சியும் பரப்புரை செய்கிறது, யாரும் அதை வசையாக எடுத்துக்கொள்வதில்லை, பொய்யைச் சுட்ட வேண்டுமென்றால் 'பொய்ப் பரப்புரை' என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷுவான்சுவானுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

சரி, ஹுவாவுக்குச் சுவரொட்டி போதுமா? எனக்கு உடன்பாடில்லை. அரசுப் பதிப்பகங்கள் அச்சிட்ட இந்தப் படங்களை மக்கள் புத்தகக் கடையில் வாங்கி வீட்டுக்குள் மாட்டினார்கள். லியூ சுன்ஹுவா 1967இல் தீட்டிய ஓவியத்தைப் பாருங்கள்: நீல அங்கி, கக்கத்தில் குடை, பின்னால் மேகம், இளம் மாவோ ஆன்யுவான் சுரங்கத் தொழிலாளர்களிடம் நடந்துபோகிறார். இது கோடிக்கணக்கில் அச்சாகி வீடுவீடாகப் போன படம். ஆகவே பரப்புரைப் படம் என்பதே சரி.

அப்புறம், அதே காலத்துச் சுவர்களில் இருந்த இன்னொரு வகை, தாட்ஸிபாவ். சீனத்தில் பெரிய எழுத்து அறிக்கை என்று பொருள். தாளும் தூரிகையும் இருந்தால் யாரும் எழுதிச் சுவரில் ஒட்டலாம், படம் வேண்டியதில்லை. 1966 மே 25இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் நியே யுவான்ட்ஸியும் ஆறு பேரும் நிர்வாகத்தைத் தாக்கி ஒன்றை ஒட்டினார்கள், மாவோ அதை வானொலியில் ஒலிபரப்பச் சொன்னார், நாடே சுவரில் எழுதத் தொடங்கியது. ஆசிரியர்களையும் அண்டை வீட்டாரையும் பெயர் சொல்லி இழிவுபடுத்திய கொடுமை அதில் ஏராளம். இதற்குத்தான் பேரெழுத்துச் சுவரொட்டி என்ற சொல்லை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே 'போஸ்டருக்குள்' போட்டால், அரசு அச்சிட்டது எது, ஆட்கள் கைப்பட எழுதியது எது என்பதே மறைந்துபோகிறது. 1975 அரசியலமைப்புச் சட்டம் பேரெழுத்துச் சுவரொட்டி எழுதுவதை மக்களின் உரிமையாகவே சேர்த்தது. 1978 இறுதியில் பெய்ஜிங்கின் சீதான் சுவரில் ஜனநாயகம் கேட்டும் அதே வடிவில் எழுதி ஒட்டினார்கள், 1980இல் அந்த உரிமை சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.